உள்ளே யாரும் இல்லை

எங்கள் ஆலையில் எல்லா இயந்திரங்களும் ஒரே நேரத்தில் நிற்பது ஆயுத பூஜையன்று மட்டும்தான். அதனால் சர்வரில் பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றுவதற்கு அந்த நாளை நானே கேட்டு வாங்கினேன். யாரும் என் தலையில் கட்டவில்லை. பண்டிகை நாளில் ஒரு பெண்ணை வேலை வாங்கிவிட்டார்கள் என்று பிறகு சிலர் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். அந்தப் பரிதாபத்துக்கு நான் தகுதியானவள் இல்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் டைல்ஸ் ஒட்டும் பவுடர் தயாரிக்கும் ஆலை அது. மணல், சிமெண்ட், வேறு சில பொடிகள் எல்லாம் சேர்ந்து இரண்டு பெரிய மிக்ஸர்களுக்குள் விழும். ஒவ்வொரு மிக்ஸரும் படுக்கவைத்த உருளை மாதிரி, ஒரு வேன் நீளம் இருக்கும். உள்ளே நடு அச்சில் இரும்புத் துடுப்புகள். மேல்தளத்தில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஒரு மூடி. ஈரக்காற்று பட்டுப் பட்டு உள்சுவரில் பவுடர் கல்லாக இறுகிவிடும். சில வாரங்களுக்கு ஒருமுறை யாராவது அந்த மூடி வழியாக இறங்கி, துடுப்புகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, உளியால் அதைப் பெயர்த்து எடுக்க வேண்டும்.

உள்ளே ஆள் இருக்கும்போது மோட்டாரைப் போட்டால் என்ன ஆகும் என்று யாரும் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதற்காகத்தான் விதிகள். இறங்குகிறவர் கீழே இருக்கும் மின்பேனலில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும். சுவரில் இருக்கும் பலகையில் தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை மாட்ட வேண்டும். டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே, இல்லையென்றால் வெளியே.

அந்த டோக்கன்களை ஒழித்தது நான். அவை தொலைந்தன, மாறிப்போயின, சிலர் வீட்டுக்கே எடுத்துப் போனார்கள். மிக்ஸர் தளத்தில் ஒரு டேப்லெட்டை மாட்டி, இறங்குகிறவர் தன் பெயரைத் தொட்டால் சர்வரில் பதிவாகும்படி செய்தேன். யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம். பாதுகாப்பு வாரத்தில் முதலாளி என்னை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார். டோக்கன்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு என் மேசையின் கீழ் டிராயரில் வைத்துவிட்டேன்.

ஆர்.கே.பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்கிறவர்கள். ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் பேங்கிலும் இருவரும் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்ததைப் பார்த்தே வளர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. அதனால் என் கையெழுத்தை நான் சுருக்குவதில்லை. அப்பாவின் முதலெழுத்தோடு முழுப்பெயரையும் தமிழில் எழுதுவேன். படிவத்தில் இடம் போதவில்லையென்றால் கட்டத்துக்கு வெளியே போகும். திருவள்ளூரில் படித்து முடித்து, காக்களூரில் ஒரு சின்ன பட்டறையில் கணினியில் தட்டிக்கொண்டிருந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தபோது, ஒரு அறை முழுவதும் என் பொறுப்பில் வந்தது. சர்வர் அறை. பழைய எண்ணெய்க் கிடங்கைத் தடுத்து ஏசி போட்டது. தளத்தைப் பார்த்தபடி ஒரு கண்ணாடி ஜன்னல்.

அன்று விடிவதற்கு வெகுநேரம் முன்பே புதுவாயலில் ஷேர் ஆட்டோ ஏறிவிட்டேன். என் அறையில் தங்கியிருந்த தோழிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆலையில் காவலாளியைத் தவிர யாரும் இல்லை. சர்வரைத் துடைத்து, சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, மேலே ஒரு துண்டு சாமந்திச் சரத்தைப் போட்டேன். பிறகு பேக்கப் எடுக்க ஆரம்பித்தேன். அதாவது சர்வரில் உள்ள அத்தனை பதிவுகளையும் இன்னொரு டிஸ்கில் படியெடுத்து வைப்பது. புதியது ஏறாமல் போனால் பழையதைத் திரும்ப வைக்க அதுதான் வழி.

மென்பொருள் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய குறிப்பில் வரிசை தெளிவாக இருந்தது. முதலில் எல்லாத் திரைகளையும் மூடு. பிறகு பேக்கப் எடு. பிறகு புதியதை ஏற்று. அதுவரை பதிவுகளுக்கு மாற்று ஏற்பாடு செய்துகொள். நான் முதல் இரண்டையும் மாற்றிப் போட்டேன். படியெடுக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். பூஜை பதினொன்றரைக்கு. பன்னிரண்டுக்கு ராகுகாலம் வந்துவிடும், அதற்குள் ஒவ்வொரு இயந்திரத்தையும் ஒரு சுற்று ஓட்டிக் காட்டியாக வேண்டும் என்பது ஆலையின் வழக்கம். அதனால் யாரும் வருவதற்கு முன்பே படியெடுத்துவிட்டேன். அது ஆறு ஐம்பத்திரண்டுக்கு முடிந்தது. டேப்லெட்டை மட்டும் ஒன்பது மணிவரை ஓடவிட்டேன். அதை மூடினால் அந்த நேரத்துக்கு டோக்கன் பலகையை வெளியே எடுக்க வேண்டும். சால்வை வாங்கிய பிறகு அந்தப் பிஸ்கட் டப்பாவைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

எட்டரைக்குக் கேண்டீனில் இட்லி சாப்பிட்டுத் திரும்பியபோது ஜன்னலில் அந்த அண்ணன் நின்றிருந்தார். மிக்ஸருக்குள் இறங்கிச் சுரண்டும் வேலையை ஒப்பந்தத்தில் செய்கிறவர். ஆரம்பாக்கத்துக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்க்காரர். டேப்லெட் வந்த நாளிலிருந்து என் சர்வரைக் கிண்டல் செய்வதே அவருக்குப் பொழுதுபோக்கு.

"இன்னா பாப்பா, உன் பொட்டி நாஷ்டா துன்னுச்சா?"

இன்றைக்கு அதற்கு ஆபரேஷன் என்று சொன்னேன்.

"அடப்பாவமே. அது படுத்துக்கினா நான் உள்ள கீறனா வெளிய கீறனான்னு யாரு எண்றது?"

ஒன்பதுக்குள் போனால் குறித்துவிடும், போங்கள் என்றேன். மிக்ஸர் இரண்டைப் பூஜைக்கு முன்னால் சுத்தம் செய்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், ரெண்டு மணி நேர வேலை என்று சொல்லிவிட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டே போனார். அவருடைய மச்சினன் காவல் நிற்பதற்காகக் கூடவே போனான். எட்டு நாற்பதுக்கு என் திரையில் அவர் பெயர் வந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். மிக்ஸர் இரண்டு, உள்ளே: ஒன்று.

ஒன்பதுக்கு எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதியதை ஏற்ற ஆரம்பித்தேன்.

ஒரு மணி நேரம் ஒழுங்காகப் போனது. எழுபத்தொரு சதவீதத்தில் நின்றது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்று, சிவப்பில் இரண்டு வரி வந்தது. மறுபடி ஆரம்பித்தேன். இந்தமுறை சர்வர் எழவே இல்லை. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் துடித்தது. ஏசி அறையில் எனக்கு முதுகு நனைந்தது. இந்த ஆலை எந்த நாளில் எந்தக் கலவையை எந்த அளவில் போட்டது என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. ஐந்து வருடப் பதிவு. கேட்டு வாங்கிய வேலையில் நான் அத்தனையையும் அழித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஊரில் அம்மா எல்லோரிடமும், என் மகள் கம்பெனியில் ஒரு ரூமுக்கே அதிகாரி என்று சொல்லி வைத்திருக்கிறாள். வேலை போய் மூட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அந்தத் தெரு என்னைப் பார்க்கும் பார்வை வரைக்கும் என் கண்ணில் வந்துவிட்டது.

அந்தப் பயம்தான் மற்றதை மறைத்தது. இன்று வரைக்கும் என்னை உறுத்துவது அதுதான். தப்பான விஷயத்துக்காக உயிர் போகிற மாதிரி பயந்துகொண்டிருந்தேன்.

மென்பொருள் கம்பெனிக்கு போன் போட்டேன். பண்டிகை நாளில் போனை எடுத்தவர் நிதானமானவர். காலையில் எடுத்த பேக்கப் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியென்றால் அழ வேண்டாம், பழையதையே திரும்ப வைத்துவிடுவோம் என்றார். நான் அழவில்லை என்று சொன்னேன், அழுதுகொண்டு. அவர் ஒவ்வொரு கட்டளையாகச் சொல்ல நான் தட்டினேன். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சர்வர் எழுந்தது. பழைய திரை, பழைய நிறம், எல்லாப் பெயர்களும் அதனதன் இடத்தில். போனை வைத்துவிட்டு சர்வர் மேல் இருந்த சாமந்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அப்போது எலக்ட்ரீசியன் உள்போனில் கூப்பிட்டார். எல்லா பேனல்களையும் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். மிக்ஸர் இரண்டின் பேனலில் பூட்டு தொங்கியது. மாற்றுச் சாவி ஒன்று எப்போதும் அவரிடம் இருக்கும். ஆனால் பட்டியலில் ஆள் இல்லை என்று உறுதியான பிறகுதான் அதைப் போட வேண்டும்.

"சிஸ்டர், ரெண்டுல யாராச்சும் கீறாங்களா? பூட்ட எடுத்து சாமிகிட்ட வைக்கணும்."

திரையைப் பார்த்தேன். மிக்ஸர் இரண்டு, உள்ளே: பூஜ்யம்.

"யாரும் இல்லைங்கண்ணா" என்றேன்.

வேலையை முடித்துவிட்டுப் பூட்டை மறந்து போய்விட்டார் போலிருக்கிறது என்று அவர் சொன்னார். இருக்கலாம் என்று நானும் சொன்னேன். சர்வர் எழுந்த சந்தோஷத்தில் என் குரலே எனக்குப் பாட்டு மாதிரி கேட்டது.

கொஞ்ச நேரத்தில் உற்பத்தி மேலாளர் வந்தார். இயந்திரங்களை ஓட்டிக் காட்டுவதற்கு முன் எங்கும் ஆள் இல்லை என்று அச்சடித்த பட்டியல் ஒன்று வேண்டும் அவருக்கு. இந்த நடைமுறையைக் கொண்டுவந்ததும் நான்தான். இரண்டு பிரதி அடித்து, இரண்டிலும் என் முழுக் கையெழுத்தைப் போட்டேன். ஒன்றை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னொன்று என் கையில்.

பூஜை கேண்டீனில். மேசைகளை ஒன்று சேர்த்து, வெள்ளைத் துணி விரித்து, சரஸ்வதி படத்தின் முன்னால் அவரவர் ஆயுதங்களை வைத்திருந்தார்கள். ஸ்பேனர்கள், டெஸ்டர்கள், ஆய்வகத்துத் தராசு, டிரைவர்களின் வண்டிச் சாவிகள், என் மடிக்கணினி. பூட்டுகளெல்லாம் ஒரு தட்டில் குங்குமப் பொட்டோடு இருந்தன. அதில் ஒன்றில் பெயிண்டில் "2" என்று எழுதியிருந்தது. ஒலிபெருக்கியில் பக்திப்பாட்டு. தீபாராதனை முடிந்தது. வாசலில் திருஷ்டிப் பூசணியை உடைக்க ஆள் கேட்டார்கள். கூட்டத்திலிருந்து ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனான். பொரி வாங்க வரிசை நின்றது. அர்ச்சகரும் மேலாளரும் ஆபரேட்டர்களும் கற்பூரத் தட்டோடு பின்பக்கத்துக் கொட்டகைக்குப் போனார்கள். முதலில் பேக்கிங், அடுத்து மிக்ஸர் ஒன்று, பிறகு இரண்டு.

நான் பொரிப் பொட்டலத்தோடு நின்றேன். கையில் பட்டியல் இருந்தது. விரலில் ஒட்டியிருந்த குங்குமத்தை அதன் பின்பக்கத்தில் துடைக்கப் போனேன். பூஜைக் குங்குமத்தைக் காகிதத்தில் துடைக்கக் கூடாது என்று தோன்றித் திருப்பினேன். அப்போதுதான் அடியில் இருந்த வரி கண்ணில் பட்டது. எல்லாப் பட்டியலிலும் அந்த வரி இருக்கும். நான் ஒருநாளும் அதைப் படித்ததில்லை.

கடைசிப் பதிவு: 6:52.

முதலில் ஒன்றும் புரியவில்லை. ஆறு ஐம்பத்திரண்டு நான் பேக்கப் முடித்த நேரம். சரிதானே என்று நினைத்தேன். அப்புறம் இட்லி நினைவுக்கு வந்தது. எட்டரைக்கு இட்லி. ஜன்னலில் அவர். எட்டு நாற்பது. நான் திரும்ப வைத்தது ஆறு ஐம்பத்திரண்டின் ஆலையை. அந்த ஆலைக்குள் காவலாளியும் நானும் மட்டும்தான் இருந்தோம். சர்வருக்கு அவரைத் தெரியாது.

வெளியே வந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரெண்டு மணி நேர வேலைதானே. கூட்டத்தில் அவர் முகத்தைத் தேடினேன். அவர் இல்லை. வாசலில் பூசணி உடைக்கிறவனைப் பார்த்தேன். காவலுக்கு நின்றிருக்க வேண்டிய மச்சினன் அவன்.

ஓடினேன். கேண்டீனிலிருந்து கொட்டகைக்கு ஒரு பேருந்து நிறுத்தத் தூரம் இருக்கும். புடவையை அன்றைக்கென்று கட்டியிருந்தேன். கத்தினேன் என்று நினைக்கிறேன், ஒலிபெருக்கிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. வழியில் எதிர்ப்பட்ட இரண்டு பேர் பயந்து ஒதுங்கினார்கள். மிக்ஸர் ஒன்று சுற்றி நிற்கும் சத்தம் காலுக்கடியில் தரையில் வந்தது. அது நின்று தரை அடங்கியதுதான் என்னைக் கொன்றது. அடுத்தது இரண்டு.

கொட்டகைக்குள் நுழைந்தபோது அவர்கள் பேனலைச் சுற்றி நின்றிருந்தார்கள். மிக்ஸரின் காலடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. அர்ச்சகர் ஒரு கையில் கற்பூரம், ஒரு கையில் மணி. ஆபரேட்டர் இயந்திரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினார். அதை அழுத்தினால் முதலில் எச்சரிக்கை மணிதான் அடிக்கும். பத்து விநாடி அடித்த பிறகே அச்சு சுற்றும். அந்த மணியும் அர்ச்சகர் கையில் இருந்த மணியும் ஒன்றாக அடித்தன.

எத்தனை விநாடி போயிருந்தது என்று எனக்குத் தெரியாது. தட்டைத் தாங்கிய அர்ச்சகரின் கைக்குக் கீழே புகுந்து சிவப்புப் பொத்தானை இரண்டு உள்ளங்கையாலும் அடித்தேன். கற்பூரம் தரையில் விழுந்து உருண்டது. அர்ச்சகரின் மணியும் நின்றது.

பிறகு ஆபரேட்டர், நல்ல நேரத்தில் இப்படித் தடுக்கலாமா என்று என்னைக் கேட்டார். கோபம்கூட இல்லை, நிஜமான வருத்தம். மேலாளர் தன் பையிலிருந்த காகிதத்தை எடுத்துக் காட்டி, நீதானேம்மா கையெழுத்துப் போட்டாய் என்றார். மேலே கையைக் காட்டினேன். கீழே நிற்கிறவர்களுக்கு மூடி தெரியாது.

எலக்ட்ரீசியன்தான் ஏணியில் ஏறினார். மேல்தளத்தில் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு நானும் ஏறினேன். மூடி திறந்திருந்தது. அதன் விளிம்பில் முதலில் ஒரு கை தெரிந்தது. அப்புறம் தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளையாக. முகமூடியை இறக்கி, ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"இன்னா, டீ வந்துடுச்சா?"

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஒரு மூலை மட்டும் பாக்கி, கல்லாக ஒட்டிக்கிடக்கிறது என்று சமாதானம் மாதிரி சொன்னார். தாமதத்துக்காக நாங்கள் கோபமாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

"மணி கேட்டுதாண்ணா?" என்று எலக்ட்ரீசியன் கேட்டார்.

"கேட்டுச்சே. சாமிக்குக் காட்றாங்கன்னு உள்ளருந்தே கன்னத்துல போட்டுக்கினேன்."

எலக்ட்ரீசியன் மேல்தளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் மிக்ஸரை விட்டு வெளியேறிக் கீழே இறங்கி வந்து, தரையில் கிடந்த கற்பூரத்தையும் பேனலையும் பார்த்தார். பூட்டு இருந்த இடத்தில் சந்தனப் பொட்டு இருந்தது. அவர் தன் பாக்கெட்டைத் தடவி, சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சாவி என்கிட்ட கீது. பூட்டு எங்க?"

நான்தான் சொல்ல வேண்டும். சாமி முன்னால் இருக்கிறது என்றேன். உள்ளே யாரும் இல்லை என்று நான் சொன்னதால் எடுத்தார்கள் என்றேன்.

"ஏன், உன் பொட்டில என் பேரு இல்லியா?"

"இருந்துச்சுண்ணா. நான் அழிச்சிட்டேன்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொட்டகையின் வெளிச்சுவரில் சாய்ந்து குந்தினார். யாரோ அவர் கையில் பொரிப் பொட்டலத்தைக் கொடுத்தார்கள். பிரித்தார். பொரி வாய்க்குப் போகாமல் மடியிலும் தரையிலும் சிந்தியது. மச்சினன் வேட்டியில் பூசணிக் குங்குமத்தோடு ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பூட்டு இருக்கிறதே என்ற தைரியத்தில் போனேன், பூட்டு இருக்கிறதே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

மிக்ஸர் இரண்டை அன்று ஓட்டவில்லை. ராகுகாலம் வந்துவிட்டது.

மேலாளர் என்னைத் தனியாக அழைத்து, ஒன்றும் ஆகவில்லை, பண்டிகை நாளில் எழுத்தில் எதுவும் வேண்டாம், காகிதத்தைக் கிழித்துவிடு என்றார். கெட்டவர் இல்லை. இரண்டு மகள்களுக்குத் தகப்பன், என்னையும் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. சர்வர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டத்துக்கு வெளியே நீண்டு கிடந்தது என் கையெழுத்து. அப்பா கட்டைவிரல் வைத்த காகிதங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியாமல் வைத்தார். எனக்குப் படிக்கத் தெரியும். அடி வரியைப் படிக்காமல் போட்டேன்.

நடந்ததை இரண்டு பக்கம் எழுதினேன். பேக்கப்பின் வரிசையை மாற்றியது, டோக்கனை எடுக்காதது, போனில் சொன்னது, கையெழுத்து. முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த மூன்று நாட்கள் யாரும் கூப்பிடவில்லை. அம்மா போன் செய்து, பூஜைக்குப் பொரி கொடுத்தார்களா, என்ன இனிப்பு என்று கேட்டாள். எல்லாம் கொடுத்தார்கள் என்றேன். தூக்கத்தில் மணிச் சத்தம் கேட்டு எழுந்து உட்காருவேன். பக்கத்தில் படுத்திருந்த தோழி, எந்த மணியடி என்று கேட்பாள்.

நான்காம் நாள் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். வேலை போகவில்லை. மாற்றுச் சாவிகளை முதலாளி வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். மூடி திறந்திருந்தால் மோட்டார் ஓடாதபடி முன்பு ஒரு ஸ்விட்ச் இருந்திருக்கிறது. பவுடர் புகுந்து மாதக்கணக்காகக் கெட்டுக்கிடந்ததை அந்த வாரம்தான் மாற்றினார்கள். நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். டோக்கன்கள் பச்சை பூத்திருந்தன. புளி போட்டுத் தேய்த்து, தொலைந்த எண்களுக்குப் புதிதாக வெட்டிவரச் சொல்லி, பலகையைப் பழைய ஆணியிலேயே மாட்டினேன். டேப்லெட் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டும் வேண்டும்.

அந்த அண்ணன் பத்து நாள் வேலைக்கு வரவில்லை. வந்தபோது ஜன்னல் பக்கம் வரவில்லை. டோக்கனை மாட்டிவிட்டு, கழன்றுவிடுமோ என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மச்சினனிடம் ஏதோ சொன்னார். அவன் மூடியின் பக்கத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தான். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான். கிண்டல் இல்லை. நானும் எதிர்பார்ப்பதில்லை.

புதிய மென்பொருளை ஏற்ற இரண்டாம் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தார்கள். திரைகளை முதலில் மூடினேன். அப்புறம் பேக்கப். வரிசையைக் குறிப்பில் ஒவ்வொன்றாக டிக் செய்துகொண்டே போனேன். மதியம் எல்லாம் நல்லபடியாக எழுந்தது. புதிய திரை, புதிய நிறம். மிக்ஸர் ஒன்று, உள்ளே: பூஜ்யம். மிக்ஸர் இரண்டு, உள்ளே: பூஜ்யம். மேலாளர் போனில், பட்டியலை அனுப்பிவிடும்மா, சோதனை ஓட்டம் பார்த்துவிடலாம் என்றார்.

பலகையைப் போய்ப் பார்த்தேன். ஒரு டோக்கனும் தொங்கவில்லை. கடைசிப் பதிவு என்ற வரியைப் பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்கு முந்தைய நேரம். இருந்தும் கை பேனாவை எடுக்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி கொட்டகைக்குப் போனேன். மின்பேனலில் என் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். மிக்ஸர் இரண்டின் மூடியைத் தூக்க எனக்குப் பலம் போதவில்லை. முழங்காலைக் கொடுத்து நெம்பினேன். உள்ளே வெளிச்சத்தைக் காட்டினேன். துடுப்புகளின் நிழல் சுவரில் பெரிதாகச் சுற்றியது. இயந்திரம்தான் சுற்றுகிறது என்று ஒரு கணம் பின்வாங்கினேன். திரும்பியது டார்ச் பிடித்த என் கைதான்.

"யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

இரும்பு என் குரலையே திருப்பிக் கொடுத்தது. அது முழுதாக அடங்கும்வரை தலையை உள்ளே நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். மறுபடி ஒருமுறை கேட்டேன். பிறகு இறங்கி வந்து கையெழுத்துப் போட்டேன்.